வாங்க என்று சொல்லாத அம்மா

நடந்தவை, வரிசையாக:

1. நான் வசிக்கும் மான்செஸ்டரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். காரைக்குடியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்றில் மகள் இறந்து கிடக்கிறாள். போலீஸ் விசாரிக்கிறது. அதுதான் கதை.

2. அந்தப் பெண்ணின் அம்மாவாக நடித்தவர் யோகா அக்கா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தவர். என் தோழி.

3. காரைக்குடிப் பக்கத்துப் பேச்சையும் பழக்கத்தையும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். நான் கோட்டையூர்க்காரி. சரி என்றேன்.

4. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவைக் கேட்டேன்.

5. அம்மா சொன்னதை யோகா அக்கா அப்படியே நடித்தார்.

6. கடைசிப் பகுதியில் அதையே சாட்சியாக வைத்து, மகளைக் கொன்றவள் அந்த அம்மாதான் என்று முடித்தார்கள்.

7. இந்த முடிவு யோகா அக்காவுக்கு முதலிலிருந்தே தெரியும்.

8. தொடரின் இறுதியில் ஓடும் பெயர்களில், ‘கலாச்சார ஆலோசகர்’ என்று என் பெயர் இருக்கிறது.

நான் லிஃப்ட் பரிசோதிக்கும் பொறியாளர். பழுது அறிக்கை எழுதும்போது நடந்ததை முதலில் எழுதிவிட்டுக் காரணத்துக்குப் பிறகு வருவது எங்கள் வழக்கம். இந்த விஷயத்தில் காரணத்தை எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன வாரம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் ஹெலன் ஒரு கேள்வி கேட்டாள். அதன்பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

ஹெலன் நல்லவள். என் அண்ணன் இறந்த வாரத்தில் என் வேலையையும் சேர்த்துச் செய்தவள். கையில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்: “தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உங்கள் ஊரில் அம்மாக்கள் பெண்பிள்ளைகளை உண்மையிலேயே இப்படிச் செய்வார்களா? கடைசியில் உன் பெயரைப் பார்த்தேன். அதனால்தான் நம்பினேன்.”

‘அதனால்தான் நம்பினேன்’ என்ற சொல்லை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தேன்.

*

யோகா அக்காவை நான் சந்தித்ததே ஒரு பழுதில்தான். அவர் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. மேல்தளத்தில் கதவைத் திறந்தபோது கீழிருந்து ஒரு பெண் ஓலமிட்டு அழும் சத்தம். பயந்துபோய், “பதற்றப்படாதீர்கள், மூன்று நிமிடம்” என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அழுகை சட்டென்று நின்றது. “இல்லை, அவசரமில்லை” என்று நிதானமான பதில் வந்தது. வெளியே வந்தவர், மறுநாள் ஒரு நடிப்புத் தேர்வுக்கு அழுகை பழகிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். என் சட்டையிலிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார்.

“தேன்மொழியோ? தமிழே? இஞ்ச பாரும், முதலே சொல்லியிருந்தா தமிழிலை அழுதிருப்பன்.”

அப்படி ஆரம்பித்த பழக்கம். அவர் வீட்டில் ஒரு பெட்டி நிறைய சால்வைகள் இருக்கும். ஒருநாள் எடுத்துக் கட்டில்மேல் பரப்பினார்.

“இது பாகிஸ்தான் அம்மா. இது பங்களாதேஷ். இது ஆப்கானிஸ்தான், மகன் குண்டு வைச்சவன். இது எந்த நாடெண்டு அவங்களுக்கே தெரியாது. அழச் சொன்னவங்கள், அழுதன்.”

“தமிழ் அம்மா?”

“ஒருக்காவும் இல்லை பிள்ளை. தமிழர் எண்டு ஒரு சாதி சனம் இருக்கிறது இவையளுக்குத் தெரிஞ்சாத்தானே.”

முப்பது வருடம் நடித்திருக்கிறார். மருந்துக்கடைக்காரி, ஆஸ்பத்திரித் தாதி, படிக்கட்டில் முக்காடு போட்டு நிற்கும் யாரோ ஒருத்தி. வசனம் இரண்டு வரி இருந்தால் அது நல்ல வருடம். அவருடைய மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் பேசமாட்டான். அம்மா நடித்த எதையும் அவன் உட்கார்ந்து பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைக் கிண்டல் செய்வார்களாம், உன் அம்மா நேற்றும் குண்டு வைத்தவனுக்காக அழுதாளே என்று.

எனவே ‘காரைக்குடி அம்மா, ஆறு பகுதி, முகம் போஸ்டரில் வரும்’ என்று அவர் ஓடிவந்து சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது உண்மை.

*

தயாரிப்பாளர் ராஜ். பஞ்சாபிக் குடும்பம், இங்கே பிறந்தவர். ஒரு காப்பிக்கடையில் சந்தித்தோம். நம்மவர்களின் கதையை நம்மவர்களே சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்று ஆரம்பித்தார். ‘நம்மவர்கள்’ என்று சொல்லும்போதெல்லாம் மேசையை லேசாகத் தட்டினார்.

வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். துப்பறியும் தொடர் என்பதால் முடிவு வெளியே போய்விடக் கூடாதாம். அது நியாயம்தான் என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன், அந்த அம்மா கடைசியில் என்ன ஆகிறாள் என்று.

ராஜ் சிரித்தார். “அதைச் சொன்னால் என் வேலை போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு நான் பொறுப்பு.”

முக்கியமான காட்சி இதுதான். மகள் இறந்த மறுநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டுக்கு வருகிறார். எழுதிவைத்திருந்ததில் அந்த அம்மா வாசலுக்கு ஓடிப்போய், அவர் காலைப் பிடித்து, உடைந்த ஆங்கிலத்தில் கதறுகிறாள். யோகா அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்கட ஊரிலை இப்பிடியோ?”

“இல்லக்கா.”

“அப்ப எப்பிடி?”

அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் அது நடந்தபோது நான் அங்கே இல்லை.

*

அண்ணன் செந்தில் தேவகோட்டை ரஸ்தா அருகே பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்தான். அப்போது என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காகக் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தது. திரும்பக் கேட்டால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக ஆகும். ஊருக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. தொலைபேசியில் காத்திருந்து, பதிவு செய்யப்பட்ட குரல்களோடு பேசி, கடைசியில் ஒரு மனிதக் குரல் கிடைத்தபோது, “வருந்துகிறேன், அவசரப் பயணத்துக்கான இணையப் பக்கத்தைப் பாருங்கள்” என்றது. அப்பா, “வந்தாலும் மூஞ்சியப் பாக்க முடியாது, எடுத்துருவாக. இருந்து வேலையப் பாரு” என்றார். அண்ணனைச் சுடுகாட்டுக்கு எடுத்ததைச் சித்தப்பா மகன் போனில் காட்ட, இங்கிருந்து பார்த்தேன். பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது.

அதன்பிறகு அம்மா அண்ணனைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. மறுவருடம் நான் போய் நின்றபோதும், “சாப்பிடு, எளச்சுப் போயிட்ட” என்பதோடு சரி. வராதவளிடம் என்ன பேசுவது என்று அம்மா நினைத்திருக்கலாம். நானும் கேட்கவில்லை. இந்தக் காட்சிக்காகத்தான் முதன்முதலில் கேட்டேன்.

“அம்மா, ஒரு நாடகத்துக்குத் தெரியணும். அண்ணன் செத்தப்ப நீ எப்படி இருந்த? சொல்ல முடியலேன்னா வேணாம்.”

வீடியோவில் அம்மா போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தாள்.

“கேளுத்தா. அதயெல்லாம் இப்ப யாரு கேக்குறா.”

போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து காட்டினாள். ஒரு காலை மடக்கி, ஒரு கையைத் தலையில் வைத்து.

“இப்படித்தான். வாங்கன்னு யாரையும் சொல்லக்கூடாது. கேத வீட்டுக்கு வாரவுகளுக்கு அது தெரியும். பொம்பளைகன்னா நேரா வந்து கையப் புடிச்சுக்கிருவாக. ஆம்பளைக அங்குட்டு பெஞ்சுல உக்காருவாக. போறப்ப போயிட்டு வாரேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாக. திரும்பத் திரும்ப வாரதுக்கு அது என்ன விசேஷ வீடா?”

“போலீஸ் வந்தாங்கல்லம்மா?”

“எஸ்.ஐ. வந்தாரு, அப்பாட்ட கையெழுத்து வாங்க. தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் பேசாம உக்காந்தாரு. நான் நிமிந்து பாக்கல. வேல முடிஞ்சதும் எந்திரிச்சு, தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன்.”

“நீ எதையும்மா பாத்துக்கிட்டு இருந்த?”

அம்மா கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். “அவன் செருப்பு அங்க கெடந்துச்சு. அதத்தான். வாரவுக காலு பட்டு ஒண்ணு அங்குட்டுப் போயிருச்சு. எந்திரிச்சுச் சேத்து வைக்கணும்னு நெனப்பு. எந்திரிக்க முடியல.”

அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அம்மா அண்ணனைப் பற்றிப் பேசினாள். நாடகத்துக்குத் தேவைப்படாததையெல்லாம் பேசினாள். அண்ணன் கடைசியாகச் சாப்பிட்டது, புதுச்சட்டை பிடிக்கவில்லை என்று சண்டை போட்டது, யாரோ ஒரு பெண்ணுக்குப் போன் செய்துகொண்டிருந்தது. ஒருமுறை சிரித்தாள்கூட. அந்த வாரங்களில்தான் நான் அண்ணனின் சாவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

*

யோகா அக்கா கற்றுக்கொண்ட வேகம் எனக்கு ஆச்சரியம். ‘வாரீக, போனீக’ இரண்டே நாளில் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. “நீங்கள் வாரீக எண்டுறியள், நாங்கள் வாறியள் எண்டுறம். பக்கத்து வீட்டுக்காரர்தான்” என்றார். அம்மாவிடமே ஒருநாள் வீடியோவில் பேசினார். “நீங்க எந்த ஊருக்காரவுக?” என்று அம்மா கேட்டதும், “கோட்டையூருக்குக் கொஞ்சம் தெக்காலை, கடலைத் தாண்டோணும்” என்றார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

படப்பிடிப்பன்று என்னையும் அழைத்திருந்தார்கள். அக்கா சுவரோரம் உட்கார்ந்தார். காலைப் பிடித்துக் கதறும் வசனத்தை நீக்கிவிட்டார்கள். அதிகாரி உள்ளே வருகிறார், வரவேற்பு இல்லை. நிற்கிறார், தானே உட்கார்கிறார். ஏதேதோ கேட்கிறார். கடைசியில், “மறுபடி வருகிறேன்” என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் சற்றே திரும்புகிறது, வாசலில் கிடக்கும் மகளின் செருப்பின் பக்கம். அவ்வளவுதான் காட்சி. ராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது தங்கம்” என்றார்.

அவர் எதைத் தங்கம் என்றார் என்பது பிறகுதான் தெரிந்தது.

*

கடைசிப் பகுதியை என் அறையில் தனியாகப் பார்த்தேன். அதிகாரி தன் சக அதிகாரியிடம் விளக்குகிறார். அந்தக் காட்சி மெதுவாக மறுபடி ஓடுகிறது, அடியில் ஒரு கனத்த இசையோடு. “முதல் நாளே நான் கவனித்திருக்க வேண்டும். அவள் என்னை உள்ளே அழைக்கவில்லை. வழியனுப்பவும் இல்லை. பிள்ளையை இழந்த எந்தத் தாயும் போலீஸைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சுவாள். நான் திரும்பி வருகிறேன் என்றபோது அவள் எங்கே பார்த்தாள் தெரியுமா?” கேமரா செருப்புக்கு நெருங்குகிறது. செருப்பின் அடியில் தடயம். குடும்ப கௌரவத்துக்காகப் பெற்ற மகளைக் கொன்ற தாய்.

எங்கள் பக்கம் அப்படிக் கொலைகள் நடப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கின்றன, நாளிதழ் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி எடுக்கட்டும், நானே உதவுவேன். ஆனால் ஆறு பகுதியிலும் சாதி என்ற சொல்லே இல்லை. சொந்தபந்தம் இல்லை, ஊர் இல்லை, அப்பன் அண்ணன்மார் இல்லை. அழாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுத்த பெண் இருக்கிறாள். அவள் கொலைகாரி என்பதற்கு அவள் துக்கம் காக்கும் முறையே சான்று. பழைய சால்வைப் பாத்திரங்களில் இருந்ததாவது யாரோ சும்மா கற்பனை செய்தது. இதில் இருப்பது என் அம்மா உட்கார்ந்த விதம், என் அம்மா பார்த்த இடம்.

மறுநாள் ராஜிடமிருந்து ஒரு பெரிய இனிப்புப் பெட்டி வந்தது. பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். பதிலில் அன்பாகத்தான் எழுதியிருந்தார்: இது கற்பனைக் கதை, முடிவு எழுத்தாளரின் உரிமை, வீட்டுக் காட்சிகளின் உண்மைத்தன்மையை எல்லோரும் பாராட்டுகிறார்கள், அதில் உங்கள் பங்கு பெரிது, இறுதியில் ஓடும் பெயர்களை இனி மாற்ற முடியாது.

*

யோகா அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார். தேநீருக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“கையெழுத்து வைக்க முதலே.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீர் அம்மாட்டக் கேட்டிருப்பீரோ?”

“மாட்டேன்.”

“அதுதான்.”

இப்படி நேராகச் சொல்லிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. மறுப்பார், அழுவார், தனக்கும் தெரியாது என்பார் என்று வழியில் மூன்று விதமாக யோசித்து, மூன்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

“நான் செய்யாட்டில் வேற ஆள் செய்யும், தேனு. பொட்டை வைச்சு, கண்ணை உருட்டி, ஐயோ ஐயோ எண்டு. நான் அவளை ஒரு மனுசியாக் காட்டினன். கொலைகாரி எண்டாலும் மனுசி.”

“அது எங்கம்மாக்கா.”

அவர் கேத்திலை இறக்கினார்.

“தெரியும்” என்றார். பிறகு, “நீர் பழுது பாக்கப் போனா உம்மை இஞ்சினியர் எண்டுதான் பாக்கினம். நான் ஒரு இடத்துக்குப் போனா முதல் கேக்கிறது, முக்காடு கொண்டு வந்தனீரோ எண்டு. அம்பத்தாறு வயது. இதை விட்டா எனக்கு வேற வராது.”

“நம்மளப் பத்தி இப்படிச் சொல்றதுக்கு நீங்க சால்வையிலயே இருந்திருக்கலாம்.”

அது அவருக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

“என்ர பொடியன் முழுசா இருந்து பாத்தவன்” என்றார், தேத்தண்ணியை என் பக்கம் தள்ளியபடி. “முதல் தரம். பாத்துப்போட்டு, வாரீக எண்டால் என்னம்மா எண்டு கேட்டவன். வேற எதுக்கும் அவன் என்னட்டத் தமிழ் கேட்டதில்லை. அதைத் திருப்பிக் குடுக்கச் சொல்றீரோ?”

தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

*

ஊரில் பார்க்காமல் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தமிழில் மொழிமாற்றம் செய்து வெளியிட்டுவிட்டார்கள். சித்தப்பா மகன் பாண்டிக்கு என் பெயர் வருகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. டிவியில் போட்டுக்கொடுத்துவிட்டான். பக்கத்து வீட்டு மலர் அத்தை, அவர் மருமகள், இன்னும் இரண்டு பேர், எல்லோரும் கூடி மூன்று நாள் பார்த்திருக்கிறார்கள். அம்மா கூப்பிடுவதற்கு முன்பே பாண்டி கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான்.

கடைசிப் பகுதி முடிந்ததும் மலர் அத்தைதான் சூழ்நிலையை இலகுவாக்கப் பார்த்திருக்கிறார்.

“மதினி, இனிமே கேத வீடா இருந்தாலும் போலீசு வந்தா வாங்க, காப்பி சாப்புடுறீகளான்னு கேட்டுப்புடுங்க. இல்லாட்டி உள்ள தூக்கி வச்சிருவாக.”

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் சிரித்தாள் என்றான் பாண்டி.

இரண்டு நாள் கழித்து அம்மா பேசினாள். வீடியோ இல்லாமல், வெறும் குரலில்.

“பாத்தேன்த்தா.”

“அம்மா, எனக்கு முடிவு தெரியாதும்மா. ஏமாத்திட்டாங்க.”

“தெரியும். நீ அப்படிச் செய்வியா.” பிறகு, “செருப்பையுமாத்தா சொன்ன அவுககிட்ட?”

“சொன்னேம்மா.”

“நான் அத ஒங்கிட்டல்ல சொன்னேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வாங்கிவரச் சொன்ன பொருள் மாறிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகு, போன மாதம் நாட்டரசன்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கேதம் கேட்கப் போயிருக்கிறாள். அதை வேறொரு நாள் போனில் சொல்லும்போது, “உக்காரவே முடியலத்தா. எங்குட்டுப் பாக்குறோம்னு யாரோ பாத்துக்கிட்டு இருக்கமாரியே இருக்கு” என்றாள்.

*

இப்போதைய நிலை இது.

தொடரின் இரண்டாம் பருவம் வருகிறது. பேருந்து நிறுத்தங்களில் சிறைக்கம்பிக்குப் பின்னால் யோகா அக்காவின் முகம். மகளின் முதல் வருட நினைவு நாளில் ஒரு தமிழ் அம்மா சிறையில் என்னென்ன செய்வாள் என்று கேட்டு ராஜ் எழுதியிருந்தார். பதில் போடவில்லை. முதல் பருவத்தில் என் பெயர் இன்னும் ஓடுகிறது. ஹெலனிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மன்னிப்புக் கேட்டாள், பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனால் அந்த நடிகை பிரமாதம்” என்றாள். அது சரிதான். யோகா அக்காவும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவர் கட்டிட லிஃப்டுக்கு இப்போது வேறு ஒருவர் போகிறார்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறாள். மழை பெய்ததா, நாற்று எப்படி இருக்கிறது, மலர் அத்தை பேரனுக்குக் காது குத்து எப்போது, எல்லாம் சொல்கிறாள். நான் இளைத்துவிட்டேன் என்கிறாள். அண்ணனைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.